பதினோரு வருடத்து இரண்டாவது தட்டு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், டெக்சஸ் மாநிலத்தில் மாட்டு நெஞ்சுக்கறியைப் புகையில் சுடுவது குறித்து இதுகாறும் நிலவிவந்த சகல குழப்பங்களுக்கும் வருகிற வியாழன், வெள்ளி, சனி ஆகிய மூன்று தினங்களில் முடிவு கட்டப்படும். கட்டப்போகிறவர் டெல்பெர்ட் கிரெனெக், வயது ஐம்பத்து நாலு, கவுண்டி அலுவலகத்தில் இருபத்து மூன்று வருடமாகக் கழிவுநீர்த் தொட்டிப் பரிசோதகர். உடன் செல்லும் குழு: ராய்ஸ் டிட்வெல், எர்வின் ஷூல்ட்ஸ், ஓர் ஐஸ் பெட்டி.

இந்த அறிவிப்பை டெல்பெர்ட்டே தட்டச்சு செய்து, தேவாலயப் பலகையில் பாட்டுக்குழு ஒத்திகை நேரத்துக்குக் கீழே குத்திவைத்திருந்தான். அதைப் படித்த கணமே ராய்ஸுக்கு அலுப்புத் தட்டியது. இன்னும் கிளம்பக்கூட இல்லை.

ஒன்பது கடைகள். கடைசிக் கடை லெக்சிங்டன் தாண்டி, சனிக்கிழமை மட்டும் அடுப்பு பற்றவைக்கும் ஒரு கிழவருடையது. புதன்கிழமை டெல்பெர்ட் தன் வீட்டுப் பின்கட்டில் சுட்ட நெஞ்சுக்கறி ஒன்று, அவனுடைய பெயரின் முதலெழுத்து போட்ட துணித் துண்டில் சுற்றி, ஐஸ் பெட்டிக்குள் கூடவே வந்தது. கிழவர் அதில் ஒரு வாய் தின்று தலையாட்ட வேண்டும். ஆட்டினால், திங்கட்கிழமை டெல்பெர்ட் வேலையை விடுவான். நெடுஞ்சாலையில் மூடிக்கிடக்கும் டயர் கடையைப் பிடித்துத் தன் பெயரில் பார்பெக்யூ கடை போடுவான். ராஜினாமாக் கடிதம் வண்டியின் முன்பெட்டியில், எர்வினின் வயிற்றெரிச்சல் மாத்திரைகளுக்கு அடியில் தயாராக இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் டெல்பெர்ட்டின் மனைவி நடீன், ராய்ஸை மளிகைக் கடை வாசலில் மடக்கினாள்.

"நீங்கதான் ஆரம்பிச்சு வச்சீங்க, ராய்ஸ். நீங்கதான் முடிச்சு வைக்கணும்."

"நான் என்ன பண்ணேன்?"

"முதல் வருஷம் 'இந்த மாதிரி கறி நான் தின்னதே இல்ல'ன்னு சொன்னது யாரு? அந்தக் கறி செருப்புத் தோல் மாதிரி இருக்கும்னு இந்த ஊருல அவர் ஒருத்தருக்குத்தான் தெரியாது. வேலையை விட்டா மருத்துவக் காப்பீடும் போயிடும். எனக்கு முழங்கால் ரெண்டும் மாத்தணும். திங்கட்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

அவள் சொன்னது நிஜம். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு ஜூலை நாலாம் தேதி, டெல்பெர்ட் வீட்டுப் பின்கட்டில் சுதந்திர தின விருந்து. ராய்ஸின் மனைவி வீட்டை விட்டுப் போய் ஆறு வாரம். ஆறு வாரமாக அவன் டப்பா பீன்ஸ் தவிர வேறெதையும் சூடாகத் தின்றிருக்கவில்லை. டெல்பெர்ட் ஒரு தட்டை நீட்டினான். ராய்ஸ் தின்றான், இரண்டாவது தட்டும் கேட்டான், அந்த வாக்கியத்தையும் சொன்னான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் இரண்டாவது தட்டு வாங்குவது அவனுடைய உத்தியோகமாகிவிட்டது.

சொல்லிவிடலாம் என்றுதான் ராய்ஸ் வண்டியில் ஏறினான். வியாழக்கிழமை மூன்று கடைகளில் சொல்ல வாய்க்கவில்லை. வாயில் கறி இருந்தது. வெள்ளிக்கிழமை சொல்லத் தெம்பில்லை. எட்டுக் கடைக் கொழுப்பு வயிற்றில் ஈரச் சிமெண்டாக இறங்கிக்கொண்டிருந்தது. எர்வினின் பழைய வண்டியில் குளிர்காற்று ஓட்டுகிறவனின் முட்டிக்கு மட்டும் வந்தது. சட்டை, முடி, பல் துலக்கும் பசை எல்லாம் ஓக் விறகுப் புகை வாசம் அடித்தன. டெல்பெர்ட் மட்டும் களைக்கவில்லை. ஒவ்வொரு கடையிலும் கறித்துண்டை விரலில் தொங்கவிட்டுப் பார்த்தான், முகர்ந்தான், கண்ணை மூடினான், பிறகு நோட்டுப் புத்தகத்தில் மதிப்பெண் போட்டான். மாநிலமே தலையில் வைத்துக் கொண்டாடும் கடைக்கு ஏழு. முப்பது வருடமாக ஒரே அடுப்பில் சுடும் பெண்மணிக்கு ஆறரை.

"கொஞ்சம் பாத்துப் போடுடா," என்றான் எர்வின். "அந்தம்மாவுக்கு எழுபது வயசு."

"மூக்கு பொய் சொல்லாதுடா. இருபத்து மூணு வருஷப் பழக்கம்."

"அந்தப் பழக்கத்தைத்தான் நானும் யோசிச்சுட்டு இருக்கேன்."

நோட்டின் முதல் பக்கத்தில் டெல்பெர்ட்டின் சொந்தக் கறிக்கு ஒன்பதே முக்கால் முன்கூட்டியே மையில் எழுதப்பட்டிருந்தது. கால் மதிப்பெண் அடக்கத்துக்காகக் குறைக்கப்பட்டது.

வெள்ளி மாலை விடுதியில் எர்வின் ஐஸ் பெட்டியைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டான். மீந்த பொட்டலங்கள் எல்லாம் ஊறிப்போய்க் கொழுப்பும் தண்ணீருமாகக் கிடந்தன. நல்ல மனுஷன். எல்லாவற்றையும் பிரித்து, அன்றைய கடைசிக் கடையில் கேட்டு வாங்கிய பழுப்புக் காகிதத்தில் புதிதாகச் சுற்றி, புது ஐஸ் போட்டு அடுக்கினான். நாறிய துணித் துண்டு ஒன்றைக் குப்பையில் போட்டான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மூவரும் மடக்கு நாற்காலிகளோடு கிழவரின் கடை வரிசையில் உட்கார்ந்தார்கள். முன்னால் தொண்ணூறு பேர். கடை திறப்பது பதினொரு மணிக்கு. வெயில் ஏறியது. ராய்ஸ் மூன்று தடவை "டெல்பெர்ட், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கி, மூன்று தடவையும் "முதுகு வலிக்குது" என்று முடித்தான்.

பன்னிரண்டே காலுக்கு அவர்களுக்கு முன்னால் இருந்தவன் தன் அலுவலகத்து முப்பது பேருக்கும் கறி வாங்கினான். கிழவர் கத்தியைத் துடைத்தார். ஒரு பெண் வந்து கதவில் 'கறி தீர்ந்தது' என்ற அட்டையை மாட்டினாள். அந்த அட்டை மாட்டியபின் டெக்சஸில் யாரும் கேள்வி கேட்பதில்லை. டெல்பெர்ட் கேட்டான்.

"ஐயா, நான் வாங்க வரல. நீங்க ஒரு வாய் தின்னு பாக்கணும். நானே சுட்டது."

கிழவர் அவனை நிதானமாகப் பார்த்தார். "ராத்திரி ரெண்டு மணியில இருந்து கறி வாசத்துல நிக்கேன் தம்பி. நான் போய் ஒரு தட்டு சாலட் தின்னப் போறேன்." விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

காலையிலிருந்து யாரும் ஒன்றும் தின்னவில்லை. வண்டியின் பின்கதவை இறக்கி அதன்மேல் உட்கார்ந்தார்கள். எர்வின் ஐஸ் பெட்டியிலிருந்து கைக்கு வந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்து வைத்தான். வெள்ளை ரொட்டி, வெங்காயம். டெல்பெர்ட் பசியில் முதல் துண்டைப் பிய்த்தான். பிய்க்கும்போதே ஒரு சத்தம் வந்தது, பழைய கித்தான் கிழிகிற சத்தம். ராய்ஸுக்கு அந்தச் சத்தம் பதினோரு வருடப் பழக்கம்.

டெல்பெர்ட் மென்றான். நெடுநேரம் மென்றான்.

"இது எந்தக் கடைடா?"

ராய்ஸ் ரொட்டிமேல் வெங்காயம் அடுக்கினான்.

"இதைச் சுட்டவனை விறகுப் பக்கமே விடக்கூடாது. ஈரம்னு ஒண்ணு இருக்கா பாரு. கூரைக்குப் போடலாம், மழை இறங்காது." இன்னொரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினான். "காப்பித்தூள் வேற தடவியிருக்கான் படுபாவி. நானும்தான் காப்பித்தூள் போடறேன், அதுக்கு ஒரு அளவு வேணாமா?"

எர்வின் திரும்பி, தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மாட்டை மிகுந்த அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தான்.

டெல்பெர்ட் நோட்டை எடுத்தான். "மூணு. அதுவும் மாடு செத்ததுக்காக. பேரைச் சொல்லு ராய்ஸ், எழுதணும்."

லானோ ஊர்க் கடை என்று சொல்லிவிடலாம். லூலிங் என்றும் சொல்லலாம். அதற்கு அப்புறம் அதைக் காப்பாற்ற இன்னொரு பொய், டயர் கடைத் திறப்பு விழாவில் இன்னொரு பொய், வாரத்துக்கு ஏழு நாள் இரண்டாவது தட்டு. நினைக்கவே ராய்ஸுக்குத் தாடை வலித்தது.

"உன்னுது," என்றான்.

"எது என்னுது?"

"அது. நீ சுட்டது."

டெல்பெர்ட் கையிலிருந்த கறியைப் பார்த்தான். "என் பேரெழுத்து போட்ட துணி எங்க?"

"நாறிச்சுடா," என்றான் எர்வின், மாட்டைப் பார்த்தபடியே. "நான்தான் தூக்கிப் போட்டேன்."

வாயிலிருந்ததை டெல்பெர்ட் துப்பவில்லை. மென்று முடிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

"பதினோரு வருஷமா ரெண்டாவது தட்டு கேக்கறியேடா."

"முதல் வருஷம் பசிடா. அப்புறம் எப்படி நிறுத்தறதுன்னு தெரியல."

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"நடீனுக்குத் தெரியும்."

"பாஸ்டருக்குத் தெரியும்," என்றான் எர்வின். "மத்த வீட்டுல சாப்பாட்டுக்கு முன்னால அரை நிமிஷம் ஜெபம் பண்றவரு உன் வீட்டுல பத்து நிமிஷம் ஏன் பண்றாருன்னு நெனச்ச?"

டெல்பெர்ட் நோட்டைப் புரட்டி முதல் பக்கத்துக்குப் போனான். ஒன்பதே முக்காலை ஒரு கோடு போட்டு அடித்தான். பக்கத்தில் மூன்று என்று எழுதினான். நேர்மையான பரிசோதகன், யாருடைய தொட்டியானாலும் அப்படித்தான். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்தான். பாதி வழியில் முன்பெட்டியைத் திறந்தான். கடிதத்தை எடுப்பான் என்று ராய்ஸ் நினைத்தான். அவன் எடுத்தது மாத்திரை.

திங்கட்கிழமை டெல்பெர்ட் வேலைக்குப் போனான். நடீன் முழங்காலுக்குத் தேதி வாங்கினாள். ஜூலை நாலாம் தேதி எல்லோருக்கும் வழக்கம்போல அழைப்பு வந்தது. பாஸ்டரின் ஜெபம் பதினோரு நிமிடம் நீண்டது. டெல்பெர்ட் முதல் தட்டை ராய்ஸிடம் நீட்டி, பக்கத்திலேயே நின்றான்.

"காப்பித்தூளைப் பாதியாக் குறைச்சுட்டேன்," என்றான் மெதுவாக. "உண்மையைச் சொல்லு."

பின்கட்டு முழுவதும் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தி ராய்ஸைப் பார்த்தது. ராய்ஸ் தின்றான். ஒரு தடவை உண்மை சொன்னதே இந்தப் பிறவிக்குப் போதும் என்று பட்டது. இரண்டாவது தட்டு கேட்டான்.

கறி காய்ந்துதான் இருந்தது.