நாலு நகர்வு தூரம் பார்க்கும் புலி

1973 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மட்டும் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடுவதென்று அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையம் முடிவு செய்தது. கம்ப்யூட்டர் அறையில் எதைக் காட்டுவது என்ற கேள்வி சுலோச்சனாவின் தலையில் விழுந்தது. தி. நகர் ஜவுளிக்கடைக்காரர் மகள் அவள். கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, புரோகிராம் எழுதும் வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் வழக்கமாகப் பார்க்கும் மழைக் கணக்கு ஊர் ஊராக அச்சாகி வருவதைக் காட்டினால் யார் நின்று பார்ப்பார்கள்? ஆடு புலி ஆட்டம் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

இருபத்து மூன்று புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் அந்த ஆடு வெட்டு. ஆறு ஆடு போனால் ஆட்டம் முடிந்தது. ஆடுகள் சூழ்ந்துகொண்டு மூன்று புலியையும் அசையவிடாமல் அடைத்தால் ஆட்டுக்காரருக்கு ஜெயம். புலி மெஷினுக்கு, ஆடு வருகிறவர்களுக்கு என்று வைத்துக்கொண்டாள்.

முதலில் எழுதிய புலிக்கு ஆட்டைக் கண்டால் போதும், உடனே பாயும். மெஷினை ஓட்டும் மெஹபூப் அலி கால் மணி நேரத்தில் அதை மடக்கினான்.

"மேடம், இது பட்டினி கெடந்த புலி. ஒரு ஆட்டைக் காட்டினா எந்த மூலைக்கு வேணும்னாலும் வருது."

மூன்று வாரம் உட்கார்ந்து மாற்றி எழுதினாள். தான் ஒன்று நகர்த்தினால் எதிராளி என்ன செய்வார், அதற்குத் தான் என்ன, அதற்கு அவர் என்ன என்று நாலு நகர்வு தூரம் பார்த்துவிட்டுத்தான் புலி இப்போது கால் எடுத்து வைத்தது. அதன்பின் யாராலும் ஜெயிக்க முடியவில்லை. பிரிவுத் தலைவர் கணேசமூர்த்தி மூன்று ஆட்டம் தோற்றுவிட்டு, தானே ஜெயித்த மாதிரி சிரித்தார். "இப்படியே இருக்கட்டும்மா. நம்ம மெஷின் தோத்துடுச்சுன்னு வெளியிலே பேச்சு வரக்கூடாது."

சனிக்கிழமை காலையில் அறை கொள்ளாத கூட்டம். மரப்பலகையில் வரைந்த கட்டத்தில் புளியங்கொட்டைகள் ஆடு, கூழாங்கற்கள் புலி. வந்தவர் ஆட்டை வைக்க, மெஹபூப் அலி அந்தப் புள்ளியின் எண்ணைத் தட்டுவான். மெஷின் தன் பதில் எண்ணை அச்சடிக்கும். பன்னிரண்டு மணிக்குள் பதினோரு பேர் ஆடிப் பதினோரு பேரும் தோற்றார்கள். பின்னால் நின்றவர்கள் தங்கள் முறைக்குக்கூடக் காத்திராமல் அடுத்த அறைக்கு நழுவினார்கள். சாந்தோமிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டே, "இது என்னை ஆடவே விடலையேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். சுலோச்சனாவுக்கு அது சுருக்கென்று தைத்தது.

சாப்பாட்டு வேளையில் அவள் சாப்பிடப் போகவில்லை. புரோகிராமைத் துளைகளாகப் போட்டு மெஷினுக்குக் கொடுக்கும் அட்டைக் கட்டின் கடைசி அட்டையில்தான் எத்தனை நகர்வு பார்க்க வேண்டும் என்ற எண் இருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு, நாலுக்குப் பதில் இரண்டு என்று புது அட்டை ஒன்று துளையிட்டுச் செருகினாள். தலைவரைக் கேட்கவில்லை.

மத்தியானம் நிலைமையே மாறிவிட்டது. சிலர் ஜெயித்தார்கள், சிலர் தோற்றார்கள், தோற்றவர்கள் மறுபடியும் வரிசையில் போய் நின்றார்கள். வரிசை படிக்கட்டு வரை நீண்டது.

மூன்று மணிவாக்கில் தேவானை உட்கார்ந்தாள். ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரி. நிலையத்துக் குடியிருப்புகளுக்கு மீன் கொண்டுவருகிறவள். கூடையை வாசலிலேயே இறக்கி வைத்திருந்தாள். கைவிரலால் ஒரு தரம் கட்டத்தைத் தடவிப் பார்த்தாள், அவ்வளவுதான். இருபது நிமிஷத்தில் மூன்று புலியும் அசைய முடியாமல் நின்றன. கூட்டம் கை தட்டியது. அவள் சிரிக்கவில்லை.

"இன்னாம்மா இது? அந்த மூலைக்குப் போனா மாட்டிக்கும்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே. நெசமா தோத்துச்சா, இல்ல நீ வுட்டுக்குடுக்கச் சொன்னியா?"

பொய் சொல்ல சுலோச்சனாவுக்கு வாய் வரவில்லை. "முழுசா யோசிக்க விடலே. ரெண்டு நகர்வு தூரம்தான் பார்க்கச் சொல்லியிருக்கேன்."

"ஏன்?"

"காலையிலே யாருமே ஜெயிக்கலே. எல்லாரும் எழுந்து போயிட்டாங்க."

"அத என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். இப்ப முழுசா யோசிக்கச் சொல்லு. நான் குந்திக்கினுதான் கீறேன்."

பழைய அட்டையைச் செருகி, அட்டைக் கட்டை மறுபடி மெஷினில் ஓட்டப் பத்து நிமிஷம் ஆனது. ஒருவரும் நகரவில்லை. அந்த ஆட்டம் முக்கால் மணி நேரம் நடந்தது. இரண்டு புலியை அடைத்துவிட்டாள் தேவானை. மூன்றாவது புலி மட்டும் பிடிகொடுக்காமல் சுற்றிச் சுற்றி வந்து ஆறாவது ஆட்டை வெட்டியது.

"ஆங், இது புலி" என்று சொல்லிவிட்டு அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

சுலோச்சனா ஒரு பெரிய தாளில் 'பாதி யோசனை', 'முழு யோசனை' என்று எழுதிப் பலகைக்கு மேலே சுவரில் ஒட்டினாள். எது வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்கினாள். ஏறக்குறைய எல்லோரும் பாதியில் ஆரம்பித்தார்கள். ஜெயித்தவர்கள் தாமாகவே முழுதைக் கேட்டார்கள்.

ஐந்து மணிக்கு வந்த கணேசமூர்த்தி தாளைப் படித்தார். அவர் முகம் கறுத்தது.

"யாரைக் கேட்டு மாத்தினே?"

"யாரையும் கேக்கலே சார். தப்புதான்."

"மெஷின் எத்தனை தரம் தோத்துது?"

"ஒன்பது தரம். எல்லாம் பாதி யோசனையிலே."

திங்கட்கிழமை எழுத்தில் விளக்கம் கேட்டார். காலையில் எத்தனை பேர் நின்றார்கள், மாலையில் எத்தனை பேர் என்பதை மட்டும் அவள் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். அவர் பாராட்டவுமில்லை, மேலே அனுப்பவுமில்லை. மார்ச்சில் மழைக் கணக்கு வேலைக்கே அவளைத் திருப்பிவிட்டார்.

அவளுக்கு வருத்தமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றைய ஆட்டங்கள் அச்சான தாள்களை மெஹபூப் அலி அவளுக்காக எடுத்து வைத்திருந்தான். மழைக் கணக்குக்கு நடுவே சுலோச்சனா தேவானையின் இரண்டாவது ஆட்டத்தை விரித்து வைத்துக்கொண்டு, அந்த இரண்டு புலியை அவள் எந்த இடத்தில் அடைக்க ஆரம்பித்தாள் என்று பென்சிலால் குறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.