இடைவேளை இல்லாத படம்

முதலாளியின் தியேட்டரில் மூட்டைப்பூச்சிகள் பரம்பரைக் குடிகள். கழிப்பறை நாற்றத்துக்குத் தனி டிக்கெட்டே போடலாம்; எந்தப் படம் ஓடினாலும் அது கடைசிவரை உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் அவர் சகித்துக்கொண்டார். மனைவியின் தம்பியைத்தான் சகிக்க முடியவில்லை. கேன்டீனை அவனிடம் ஒப்படைத்ததே வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடுவதற்காக.

அன்று மதியக் காட்சிக்கு, மகள் விரும்பிய பையனின் அப்பா வந்திருந்தார். ஊரிலேயே பெரிய பேக்கரி அவருடையது. அவர் முகம் சுளித்துவிட்டால் எல்லாம் போச்சு, பிறகு இந்த வீட்டுப் படியே மிதிக்க மாட்டேன் என்று மகள் சொல்லியிருந்தாள்.

பேக்கரிக்காரரைப் பால்கனியில் அமர்த்திவிட்டு, நல்ல பாப்கார்னாகக் கொடு என்று சொல்ல முதலாளி கேன்டீனின் பின்னறைக்குப் போனார். மச்சினன் ஒரு மூட்டையைத் தரையில் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். காலைக் காட்சிக்காரர்கள் தின்று மிச்சம் வைத்த பாப்கார்ன். அதிலிருந்து தலைமுடியை உருவினான், சூயிங்கத்தைக் கிள்ளி எறிந்தான், தூசியை வாயால் ஊதினான், வெண்ணெய்ச் சட்டியில் கொட்டிப் புரட்டினான்.

“என்னடா பண்ற?”

“நீங்கதான மாமா சொன்னீங்க, நம்ம தியேட்டர்ல எதுவும் வீணாகக் கூடாதுன்னு.”

அறைந்தால் அக்காக்காரியின் ஒப்பாரி பால்கனிவரை கேட்கும். பேக்கரிக்காரர் கேன்டீன் பக்கமே வரக் கூடாது என்று முதலாளி ஆபரேட்டர் அறைக்கு ஓடினார். இன்றைக்கு இடைவேளையே கிடையாது, படத்தை நிறுத்தாதே என்றார்.

“இன்டர்வெல்லுக்காகத்தான் முதலாளி ஜனம் இந்தப் படத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கு” என்றார் ஆபரேட்டர். ஆனாலும் ஓட்டினார்.

இடைவேளை நேரம் தாண்டியதும் விசில் கூரையைத் தூக்கியது. மூட்டைப்பூச்சிகளே வெளிநடப்பு செய்தன. பேக்கரிக்காரரும் எவ்வளவு நேரம்தான் அடக்குவார்? தானாகவே எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டார். முதலாளி படியிறங்கி வருவதற்குள் அவர் கேன்டீன் வாசலில் இரண்டாவது பாப்கார்ன் டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தார். பக்கத்தில், உபசரிக்க வந்திருந்த முதலாளியின் மனைவியும் மகளும் பூரித்து நின்றார்கள்.

முதலாளிக்கு மனசு கேட்கவில்லை. டப்பாவைப் பிடுங்கி, உண்மையைக் கொட்டிவிட்டார். மகளின் முகம் செத்துப்போனது.

பேக்கரிக்காரர் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார்.

“இதுக்கா இப்படி வேர்க்குது உங்களுக்கு? என் கடையில மிஞ்சின பன்னு ரஸ்க்காகும். மிஞ்சின ரஸ்க்கப் பொடிச்சு கேக்குல போடுவோம். கேக்க எலி கடிச்சா, அந்த எடத்துல பூ வரைஞ்சிடுவோம்.”

அப்புறம் மச்சினனின் முதுகைத் தட்டி, இப்படியொரு கெட்டிக்காரன் தன் குடும்பத்தில் பிறக்கவில்லையே என்று ஏங்கினார். கல்யாணத்தைச் சீக்கிரம் வைத்துக்கொள்ளலாம் என்றார். மகள் சிரித்தாள். மச்சினன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

பேக்கரிக்காரர் டப்பாவைத் திரும்ப வாங்கி ஒரு பிடி அள்ளினார். கழிப்பறைக்குப் போய்வந்தும் தண்ணீரே படாத கை.

“வாயத் தொறங்க, சம்பந்தி.”

மகள் அப்பாவையே பார்த்தாள். முதலாளி கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். கொடுமை என்னவென்றால், நன்றாகவே இருந்தது.