சுவர் நிழலில் ஒரு தார் ஓரம்

வைட்ஃபீல்டிலிருந்து ஊருக்குள் வரும் சாலையில், நீண்ட சுவர் ஒன்றை ஒட்டி, யாரும் போடாத தார் ஓரம் ஒரு டிசம்பர் காலையில் இருந்தது. முந்தின நாள் ஜீவனஹள்ளி லாயிட் அதைத் திறந்த வரைபடத்தில் குறித்திருந்தான். திறந்த வரைபடம் என்பது இணையத்தில் யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடியது. அதில் சாலை ஒரு கோடு. வெள்ளைப் பட்டைக்கு வெளியே சைக்கிள் போகிற அகலத்துக்குத் தார் இருந்தால், எந்தப் பக்கம் என்று அந்தக் கோட்டோடு சேர்க்க வேண்டும். நேரில் பார்த்ததைச் சேர்ப்பதுதான் முறை. லாயிட் வீட்டில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சேர்த்தான். அந்தப் படங்கள் பெரும்பாலும் முற்பகலில் எடுக்கப்படுபவை. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், தென்புறச் சுவரின் நிழல் சாலைமேல் கருப்பாக விழும். அதைத்தான் அவன் தார் என்று நினைத்தான்.

ஓரம் வழவழப்பாக, தொட்டால் சில்லென்று இருந்தது. அன்றிலிருந்து சுவருக்கு நிழல் விழவில்லை. வைட்ஃபீல்டில் கணக்கு டீச்சராக இருந்த அவன் மனைவி பிரிஜெட் தினமும் அதில்தான் வீடு திரும்பினாள். போன வருஷம் ஒரு டேங்கர் லாரி அவளை உரசித் தள்ளியிருந்தது; அதற்குப் பிறகுதான் அவன் ஓரங்களைத் தேட ஆரம்பித்தான். பொங்கலுக்குள் அவள் சைக்கிளின் நிழலில் சக்கரங்கள் போயின. பிறகு அவள் நிழலில் கால்கள் போயின. “என்ன டீச்சரம்மா, நிழலை ஆல்ட்ரேஷனுக்குக் குடுத்திருக்கீங்களா?” என்று எதிர்வீட்டு ஃபாத்திமா சிரித்தாள். அந்த வழியாக வந்த மற்ற சைக்கிள்காரர்களுக்கும் அப்படித்தான். யாரும் பாதை மாறவில்லை.

வரைபடத்திலிருந்து ஓரத்தை அழித்துவிடுகிறேன் என்றான் லாயிட். “அழிச்சுட்டு? நான் டேங்கர் மேல ஏறி வரட்டுமா? நிழல் போனா என்ன, எலும்பு முழுசா இருக்குல்ல” என்றாள் பிரிஜெட்.

குருத்தோலை ஞாயிறு வந்தபோது அவள் நிழலில் தலை மட்டும் மிஞ்சியிருந்தது. மறுநாள் மத்தியானம், அவள் பள்ளியில் இருப்பாள் என்று நினைத்து, லாயிட் ஓரத்தை அழித்தான். இந்த முறையும் அவன் நேரில் போய்ப் பார்க்கவில்லை. பரீட்சை நாள் என்பதால் பள்ளி சீக்கிரம் விட்டிருந்தது. “ரோட்டோரம் பாய் சுருட்டுற மாதிரி சுருண்டுகிச்சு சார்,” என்றார் சுவருக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த சண்முகம், தேடி வந்த லாயிட்டிடம். “டீச்சரம்மா உள்ளேருந்து பெல் அடிச்சுகிட்டே இருந்தாங்க.” சுவருக்கு நிழல் திரும்பியிருந்தது.

லாயிட் அங்கேயே நின்று, கைப்பேசியில் அதை மறுபடி வரைந்தான். ஓரம் விரிந்தது. அதன்மேல் ஒரு சைக்கிளின் நிழல், சக்கரங்களும் கால்களும் தலையுமாக முழுசாக, வீட்டுப் பக்கம் போனது. மேலே சைக்கிளும் இல்லை, அவளும் இல்லை. லாயிட் பின்னாலேயே ஓடினான். ஜீவனஹள்ளியில் பெல் சத்தம் கேட்டு, ஃபாத்திமா எழுந்துபோய் அவர்கள் கேட்டைத் திறந்துவிட்டாள்.

இப்போதும் தினமும் சாயங்காலம் ஃபாத்திமாதான் திறந்துவிடுகிறாள். ஓரத்தில் சைக்கிள்கள் முன்பைவிட அதிகம். வரைபடத்தில் அதைத் தொட்டால் விவரம் வரும்: தார், வழவழப்பு, சைக்கிளுக்கு ஏற்றது. ஆதாரம் என்ற இடத்தில் லாயிட் இந்த முறை ‘நேரில் பார்த்தது’ என்று எழுதியிருக்கிறான்.