வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு

மாமி வாளியைச் சரித்துத் தண்ணீர் ஊற்ற, சுபோதினி சேலைக் கரையை இடுப்பில் செருகிக்கொண்டு தும்புத்தடியால் ஹோலைத் தேய்த்தாள். பிரேதம் எடுத்த வீட்டைக் கழுவ வேண்டும். ஆனால் அப்பாவின் பிரேதம் இந்த வீட்டுக்கு வரவே இல்லை. வெள்ளவத்தையில் நாலாம் மாடி. லிஃப்டுக்குள் பெட்டி அடங்காது. கிரியையெல்லாம் மலர்ச்சாலையில் முடித்து, அங்கிருந்தே கல்கிசை மயானத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். தம்பி கிஷாந்த் கொள்ளி வைக்கப் போக, பெண்கள் வான் வண்டியில் வீடு திரும்பினார்கள். வராத பிரேதத்துக்கு எதற்கு வீடு கழுவல் என்று கேட்க ஒருவருக்கும் தெம்பில்லை. மாமி அப்பாவின் அக்கா. அவர் சொன்னால் சொன்னதுதான்.

மேசையில் அப்பாவின் போன் அடித்தது. கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுத்தாள். கனடா.

"ஓம், சுபோதினிதான். திங்கக்கிழமை பின்னேரம். ஹார்ட் அட்டாக். இல்லை, கஷ்டப்படேல்லை. இப்பதான் எடுத்தவை."

நாற்பது பேருக்காவது இதைச் சொல்லியிருப்பாள். கடைசி வசனம் மட்டும் இன்றைக்குச் சேர்ந்தது. மற்றதில் ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. அவளுடைய வேலையே போனில் கதைப்பதுதான். பம்பலப்பிட்டியில் ஒரு கொம்பனியில், வேலைக்கு விண்ணப்பிப்பவர்களைப் போனில் கேள்வி கேட்டு, பத்துப் பேரில் எட்டுப் பேரைக் கழித்துவிடுவாள். கழிபடுகிறவர்களிடமும் தன்மையாகக் கதைப்பாள் என்று அவளுக்கு நல்ல பெயர்.

"நீ இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லைப் பிள்ளை," என்றார் மாமி.

"வரேல்லை மாமி."

அது உண்மைதான். அழுகை எங்கேயோ வரிசையில் நிற்பதுபோல இருந்தது. அதன் முறை இன்னும் வரவில்லை.

அப்பா சண்முகலிங்கம் புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் முப்பத்துநாலு வருடம் ஸ்டோர்ஸ் பார்த்தவர். கடையை மூடியபோது அவருக்கு ஐம்பத்தேழு வயது. இரண்டு வருடம் பேப்பரைக் கரைத்துக் குடித்த பிறகு, கொலன்னாவையில் ஒரு களஞ்சியத்துக்கு மேற்பார்வையாளர் தேவை என்ற விளம்பரத்துக்கு விண்ணப்பம் போட்டார். திங்கட்கிழமை காலை போன் இன்டர்வியூ. வாழ்க்கையில் ஒரே ஒரு நேர்முகத்துக்குப் போனவர் அவர், அதிலும் முதலாளி கேட்டது, "நாளைக்கு வருவியா?" என்பது மட்டும்தான்.

எனவே ஞாயிறு முழுவதும் ஒத்திகை. சுபோதினி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குப் போன் எடுப்பாள். ஹோலில் அப்பா எழுந்து நின்று பதில் சொல்வார். 'சேர்' என்று சொன்னதும் அவள் கட் பண்ணிவிட்டுத் திரும்பவும் எடுப்பாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் சாவகச்சேரியில் பிறந்ததிலிருந்து தொடங்குவார். திரும்பவும் கட். வேலையில் நீங்கள் விட்ட பிழை ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டபோதுதான் பெரிய வில்லங்கம் வந்தது.

கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயக் கோபுரத்துக்கு வர்ணம் பூச வந்தவர்களுக்கு, திரும்பி வந்த பழைய கயிற்றைப் புதுக்கயிறென்று கொடுத்தனுப்பிவிட்டாராம். வீட்டில் சோற்றில் கை வைத்தபோதுதான் நினைவு வந்ததாம். விடிய முதல் பஸ்ஸில் போய், ஏறத் தொடங்கியவனின் காலைப் பிடித்து இழுத்து இறக்கினாராம். பிறகு தானே முதலாளியிடம் போய்ச் சொல்லி, எச்சரிக்கைக் கடிதமும் வாங்கினாராம்.

"அப்பா, வோர்ணிங் லெட்டர் வாங்கின கதையை ஆராவது இன்டர்வியூவில சொல்லுவினமே? கூடுதலா வேலை செய்யிறதுதான் என்ர பிழை எண்டு சொல்லுங்கோ."

"அது பொய்யெல்லே பிள்ளை?"

"பொய் இல்லையப்பா. இன்டர்வியூ."

ஏழாம் தரம் எடுத்தபோது, "நெஞ்சு எரியுது பிள்ளை, காணும், நிப்பாட்டுவம்," என்றார். "இன்னும் ஒருக்கா அப்பா," என்றாள். இதை அவள் அம்மாவிடமும் சொல்லவில்லை, டொக்டரிடமும் சொல்லவில்லை. திங்கள் மதியம் அலுவலகத்திலிருந்து எடுத்து எப்படிப் போனது என்று கேட்டாள். "நீ சொல்லித் தந்த மாதிரியே சொல்லிப்போட்டன்," என்றார். பின்னேரம் சந்தைக்குப் போகச் செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நான்தான் கொன்றேன் என்று மலர்ச்சாலையில் அவள் பலமுறை நினைத்தாள். நினைத்தும் ஒன்றும் ஆகவில்லை. வந்தவர்களுக்குச் சோடா கொடுத்துக்கொண்டிருந்தாள்.

போன் மறுபடி அடித்தது. திரையில் 'இன்டர்வியூ' என்று இருந்தது. அப்பாவுக்குத் தெரிய வேண்டுமென்று அவள்தான் அப்படிப் பதிந்து கொடுத்திருந்தாள்.

"ஹலோ, சண்முகலிங்கத்தின் போனா?" ஆங்கிலத்தில் ஒரு சிங்களக் குரல். தன் பெயர் ஜயலத் என்றார்.

"ஆம். நான் மகள்."

"ஓ, அந்த மகளா!" அவர் சிரித்தார். "பதினைந்து வருடமாக நான் ஆள் எடுக்கிறேன். பிழையைச் சொல்லுங்கள் என்றால் எல்லாரும் கூடுதலாக வேலை செய்கிறோம் என்பார்கள். உங்கள் அப்பா மட்டும்தான் ஒரு கயிற்றுக் கதை சொன்னார். இதைச் சொல்லக் கூடாது என்று மகள் சொன்னாள், அவள் இதில் கெட்டிக்காரி, ஆனால் கயிறு கொடுக்கிறவன் பொய் சொன்னால் ஆள் விழும் என்றார். எனக்கு அந்த மனிதரை நேரில் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு வர முடியுமா?"

கனடாவுக்குச் சொன்ன அந்த ஐந்து வசனமும் அவளுக்கு நாக்கு நுனியில் நின்றன. ஆங்கிலத்திலும் தயாராக இருந்தன. வாயைத் திறந்தாள்.

"வருவார்," என்றாள்.

"நல்லது. மூலச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, அதன் பிரதி இரண்டு."

ஈரக் கையாலேயே கலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டினாள். நன்றி சொல்லி வைத்தாள்.

"ஆர் பிள்ளை?"

"அப்பாவை விசாரிச்சவை."

"சொன்னியே?"

சுபோதினி அறைக்குள் போனாள். கட்டிலில் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அலுமாரியிலிருந்து அப்பாவின் ஃபைலை எடுத்து வந்து, மேசையை இரண்டு தரம் துடைத்து, சான்றிதழ்களை வருடப்படி அடுக்கினாள். நடுவில் அந்த எச்சரிக்கைக் கடிதமும் இருந்தது. அதையும் அதன் வருடத்தில் வைத்தாள்.

கிஷாந்த் வாசலுக்கு வந்தான். வேட்டியெல்லாம் சாம்பல் புழுதி.

"முழுகாமல் எங்கையும் தொடாதை! நேரா பாத்ரூமுக்குப் போ," என்று மாமி சத்தம் போட்டார்.

"தம்பி, அப்பாட ஐடென்டிட்டி கார்ட் எங்கை?"

"என்னட்டைத்தான். மயானத்தில கேட்டவங்கள்."

"கீழ கடையில ரெண்டு போட்டோகொப்பி அடிச்சுக்கொண்டு வா."

"இப்பவே? முழுகிப்போட்டுப் போறனே அக்கா."

"இப்பவே."

"மரண சேர்டிபிகேட்டுக்காக்கும், போட்டு வா ராசா," என்றார் மாமி, ஏனோ குரலைத் தாழ்த்தி.

அவன் போய்ப் பத்து நிமிடத்தில் வந்தான். உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே கையை நீட்டினான். சுபோதினி வாங்கி, அடுக்கின் மேலே வைத்து, ஓரங்களைச் சரிபார்த்து, உள்ளங்கையால் அழுத்தினாள்.

தாள்கள் இரண்டும் இன்னும் சூடாக இருந்தன. அவள் கையை எடுக்கவில்லை.