சிக்னல் எட்டாத அறை

வேல்விழி திரி பின்னிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலிருந்த பெட்டி கத்தியது. அறைக்குள் சூடு கூடினால் அது கத்தும். கத்தினால் எல்லாரும் வேலையை அப்படியே வைத்துவிட்டு மரத்தடிக்கு வந்துவிட வேண்டும். வெம்பக்கோட்டைப் பக்கத்து அந்தப் பட்டாசு கம்பெனியில், அறைக்கு ஒன்றாகப் பெட்டிகளை மாட்டியதிலிருந்து அதுதான் சட்டம்.

மற்றப் பெண்கள் நிழலில் உட்கார்ந்தார்கள். வேல்விழி மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் தெரிந்த கூரையைப் பார்த்தாள். அங்கேதான் அவள் புருஷன் பாண்டிராஜ் அலுமினியப் பொடி சேர்த்துப் பட்டாசு மருந்து கலக்கினான். அங்கே சத்தமே இல்லை. மகள் பிறந்த பிறகு இருவரும் ஒரே அறையில் வேலை பார்ப்பதில்லை. ஏன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதும் இல்லை.

சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு மேட்டைச் சுற்றிப் போனாள்.

"ஏங்க, வெளிய வாங்க. எங்க ரூமுல கத்திருச்சு."

"இங்கன கத்தலையே, புள்ள."

"அது கத்தாட்டி என்ன? நாங் கத்துதேன், வாங்க."

சிரித்துக்கொண்டே வந்தான். தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அவன் கழுத்து வியர்வையை முந்தானையால் ஒற்றினாள்.

"ஏ, ஆளுக பாக்காக."

"பாக்கட்டும்."

பெட்டி மாட்டிய கம்பெனியிலிருந்து எழில் என்ற பெண் வந்து பாண்டிராஜின் அறைப் பெட்டியைச் சோதித்தாள். "ஒரு பெட்டி சொல்லுறத அடுத்த பெட்டி வாங்கி, அது அதுக்கடுத்ததுக்குச் சொல்லி, அப்படியே ஆபீசுக்குப் போகணும்க்கா. அங்கருந்து திரும்பச் சொன்னாத்தான் அந்தந்த ரூமுப் பெட்டி சங்கு மாதிரி கத்தும். இந்த ரூமு தூரம், நடுவுல மேடு வேற. ஒரு கம்பம் நட்டு இன்னொரு பெட்டி வச்சாத்தான் சிக்னல் எட்டும்" என்றாள்.

போர்மேன் சண்முகவேல் தலையைச் சொறிந்தார். "சீசன் முடியட்டும், பாப்பம்."

அதன்பின் தன் அறையில் சத்தம் கேட்டபோதெல்லாம் வேல்விழி மேட்டைச் சுற்றி ஓடினாள்.

"ஒங்க ரூமுக்குத்தான சங்கு? நீ எதுக்கு அங்கன ஓடுத?" என்று போர்மேன் அதட்டினார்.

"அவுகளுக்குச் சங்கு இல்லையே, அண்ணே."

அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று, டீ கொடுக்க அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் பெரிய டிவி. கட்டம் கட்டமாக எல்லா அறைகளும் பச்சை. பதினாலாம் அறையும் பச்சை. இருபத்து நாலு டிகிரி. பாண்டிராஜின் அறை! அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"கம்பம் நட்டுட்டீகளாண்ணே?" என்று போர்மேனிடம் மெதுவாகக் கேட்டாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சிக்னலு இங்கனதான் நல்லா கெடைக்கு. அவுக போகட்டும், சும்மா இரு."

ஏசிக்குக் கீழே இருந்த அலமாரியை அப்போதுதான் கவனித்தாள். அங்கே ஒரு பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. முகப்பில் பெயிண்டில் பதினாலு என்று எழுதியிருந்தது. பக்கவாட்டில், கழற்றிக் கொடுத்தவனின் விரல் தடங்கள் அலுமினியப் பொடியில் அப்படியே பதிந்திருந்தன.

"எல்லாம் கரெக்டா இருக்கே" என்றார் அதிகாரி, டீயை உறிஞ்சிக்கொண்டு.

வேல்விழி அந்தத் தடங்களின் மேல் விரல் வைத்தாள். பெட்டி ஜில்லென்று இருந்தது.