மாதிரி கிராம சபை

மே தினத்தன்று கம்பெனிகளுக்கு விடுமுறை என்பது மோகனுக்குத் தெரியும். அன்றைக்குத்தான் ஊரூராகக் கிராம சபை கூடும் என்பது மட்டும் நினைவில் இல்லை. மக்களைக் கிராம சபைக்குப் பழக்குவதற்கென்றே ஓர் அறக்கட்டளை அவனுக்குச் சம்பளம் கொடுத்து வந்தது.

ஜோதிக்கு இதை நினைத்தால் சிரிப்புகூட வரவில்லை. அவள் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. இரண்டாவது ஷிப்ட் முடிந்து வேன் இறக்கிவிடும் இடத்திலிருந்து காலனிக்கு ஏரிக்கரை மேல்தான் நடக்க வேண்டும். ஊர்த்தெருவில் பகலிலும் விளக்கு எரியும். ஏரிக்கரையில் ஒரு கம்பம்கூடக் கிடையாது. போன மாதம் பக்கத்து வீட்டுக் கனகத்தின் மகள் அங்கே இடறி விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். இந்தச் சபையிலாவது விளக்குக்குத் தீர்மானம் போட்டாக வேண்டும் என்று ஜோதி வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தாள். காலனிப் பெண்கள் போகாவிட்டால் சபைக்கு ஆள் நிறையாது. ஆள் நிறையாவிட்டால் எல்லாம் அடுத்த சபை கூடும் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போகும்.

முதல் நாள் சாயங்காலம் காலனிப் பெண்கள் கூடியிருந்த இடத்தில் மோகன் வந்து நின்றான்.

"நாளைக்கு ஜயஸ்ரீ மேடம் வராங்க. பணம் குடுக்கற அறக்கட்டளையோட பெரிய மேடம். குன்றத்தூர் மண்டபத்துல மாதிரி கிராம சபை நடத்திக் காட்றோம். ஜோதிக்கா, நீங்கதான் தலைவர்."

"நாளைக்கு நெஜ சபையே கீதே சார்?"

மோகன் அப்போதுதான் போனில் தேதியைப் பார்த்தான். "அது வருஷத்துல பல தடவ வரும்க்கா. மேடம் ஒரு தடவதான் வருவாங்க."

"அதான," என்றாள் கனகம். "மூலவர் எங்க போயிடப் போறாரு. உற்சவரத்தான தோள்ல தூக்கணும்."

மோகன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

ஆனாலும், கை உடைந்த அன்று கனகத்தின் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவன் கார்தான். அதை அவன் சொல்லிக்காட்டவில்லை. பெண்களே நினைத்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஜோதியும் ஆட்டினாள். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

காலையில் எல்லாரும் அறக்கட்டளை கொடுத்த ஒரே நிறச் சேலையில் வேனில் ஏறினார்கள். ஓட்டுநர் பாண்டுரங்கன். ஷிப்ட் வேனும் அவருடையதுதான். ராத்திரியில் பெண்களை இறக்கிவிட்டதும் கிளம்பிவிட மாட்டார். கடைசிப் பெண் ஏரிக்கரை திரும்பும்வரை வண்டியின் விளக்கைப் பாதைமேல் போட்டபடி நிற்பார். டீசல் வீண் என்று காண்டிராக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் நிற்பார்.

ஊராட்சிப் பள்ளிக்கூடம் வந்ததும் வேன் நின்றது. உள்ளே கிராம சபைக்குப் போட்ட ஷாமியானா, காலி நாற்காலிகள், கொட்டாவி விடும் ஊராட்சிச் செயலர்.

"இன்னாண்ணே, நிறுத்திட்டீங்க?" என்றாள் ஜோதி.

"என்ஜின் சூடாயிடுச்சும்மா. ஆற வெக்கணும்."

"இப்பதான கெளம்புனோம்?"

"பழைய வண்டி. ஆற ஒரு மணி நேரம் ஆவும்." அவர் ஷாமியானாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஜோதி முதலில் இறங்கினாள். கனகம் அவள் பின்னால். சேலைக் கும்பல் உள்ளே நுழைந்ததும் செயலரின் கொட்டாவி பாதியில் நின்றது. சபையைத் தள்ளிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தவர் அவர்.

ஜோதியின் இடுப்பில் போன் அடித்துக்கொண்டே இருந்தது; மோகன்தான். அவள் எழுந்து ஏரிக்கரை விளக்கைக் கேட்டாள். கைகள் உயரும்போது வாசலில் மோகனின் கார் நின்றது. மண்டபத்தில் காத்திருந்து அலுத்த ஜயஸ்ரீயும் கூட வந்திருந்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"ஒத்திகையா மோகன்? எவ்ளோ இயல்பா பண்றாங்க."



"ஆமாம்மா," என்று முந்திக்கொண்டாள் ஜோதி. "செத்த உக்காருங்க. இத முடிச்சிட்டு மண்டபத்துல வந்து நெஜத்தப் பண்றோம்."

கனகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தீர்மானம் நிறைவேறியது. சொன்ன சொல்லுக்காகப் பெண்கள் மறுபடி வேனில் ஏறினார்கள்.

"என்ஜின் ஆறிடுச்சாண்ணே?"

"ஆறிடுச்சும்மா."

"இனிமே ஒனக்கு டீசல் மிச்சம்," என்றாள் கனகம்.

பாண்டுரங்கன் சாவியைத் திருப்பினார். "தீர்மானம்தான போட்டுக்கீறாங்க. கம்பம் நடுற வரைக்கும் நம்ம லைட்டு எரியட்டும்."