தோமரிய வீடு

தையல்காரியின் கணவர் பஸ் டிப்போவில் மயங்கி விழுந்து இறந்த மறுநாளிலிருந்து அவள் வீட்டில் தண்ணீர் கொதிக்கவில்லை. அடுப்பு எரிந்தது, பாத்திரத்தில் கரி பிடித்தது, தண்ணீர் மட்டும் குழாயில் வந்த மாதிரியே கிடந்தது. அக்கம்பக்கத்தார் விரல் விட்டுப் பார்த்து, "தோமரியத் தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவரவருக்கு வேலை இருந்தது.

சொல் பழையது. தோமரன் என்ற அரசர் ராணியை அடக்கம் செய்துவிட்டு, கண் கலங்காமல், அன்று மதியமே ஒரு வாய்க்கால் வழக்கை விசாரித்தாராம். அவர் சாகும்வரை அரண்மனை அண்டா ஒன்றுகூடக் கொதிக்கவில்லை. சமையல்காரர்கள் அந்தத் தண்ணீருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வெளியே வந்த சொல் பல வாய் மாறி, கல்நெஞ்சுக்காரர்களைத் திட்டுவதற்கு ஆகிவிட்டது: தோமரிய மாமியார், தோமரிய அதிகாரி.

தையல்காரியும் அழவில்லை. பிடிவாதம் ஒன்றுமில்லை, அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் கிளம்பியதும், பாதியில் நின்ற சட்டைக்குக் காலர் வைக்க உட்கார்ந்தாள்.

"அப்பா போய் ரெண்டு நாள்கூட ஆகல. எப்படிம்மா உனக்குக் கை ஓடுது?" என்றாள் மகள்.

"நாளைக்குக் கேட்டு வருவாங்க."

"தோமரியப் பொம்பள நீ!"

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான், வருடக்கணக்கில் வாசல் மிதிக்கவில்லை. அந்தச் சொல் உறைக்கவில்லையே என்று தையல்காரிக்குக் கொஞ்ச நாள் பயமாக இருந்தது. பிறகு பயமும் விட்டுப்போனது. டீயும் சோறும் கடையில் வாங்கிக்கொண்டாள்.

வேலைக்குப் போக வேண்டி, குழந்தையை விட இடமில்லாமல், ஒருநாள் மகள் திரும்பி வந்தாள். வந்ததும் பழக்கத்தில் தண்ணீரை அடுப்பில் வைத்தாள். அடுப்பு கால் மணி நேரம் எரிந்திருக்கும்; வந்த விஷயத்தை அவள் பேசத் தொடங்குவதற்குள், நடை பழகிய பேத்தி எட்டிப் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டது. மகள் அலறினாள். குழந்தை சில்லிட்டு, மூச்சு வாங்கி, பிறகு சிரித்தது.

மகள் அதன் தோலைத் தடவித் தடவிப் பார்த்தாள். அதை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"என் வீடா இருந்திருந்தா..." என்றாள்.

"துண்டு கொடியில கிடக்கு, தொடச்சு விடு," என்றாள் தையல்காரி.

மறுநாள் மகள் குழந்தையை அங்கேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். விஷயம் கேள்விப்பட்டு, எதிர்வீட்டுக்காரியும் தன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டாள். தையல்காரி இன்றுவரை அழவில்லை, யாரும் கேட்பதுமில்லை. இப்போது அந்தப் பக்கம் கைக்குழந்தையோடு வாடகைக்கு வருகிறவர்கள், வெளிச்சம் வருமா, காற்று வருமா என்று விசாரித்துவிட்டு, வீடு தோமரியமா என்றும் கேட்கிறார்கள்.